செக்ரோல் புத்தகமும் துளையட்டையும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களின் சரித்திரத்தை எழுத முற்படுகிறவர்கள் கப்பலையும் கங்காணியையும் பால்மரத்தையும் மறவாமல் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வாழ்வு முழுவதையும் நாள்தோறும் சிறு கட்டங்களுக்குள் அடக்கி வைத்த செக்ரோல் என்னும் வருகைப் பதிவுப் புத்தகத்தைப் பற்றி ஒரு வாக்கியமேனும் காண்பது அபூர்வமாக இருக்கிறது. சர்வகலாசாலையில் கணினி பயிலும் நம் பிள்ளைகள் தங்கள் நிரல் திட்டத்துக்கு விஷயம் தேடி அலையும் இந்நாளில், அதைப் பற்றிப் பேசுவது அவசியமென்று கருதுகிறேன்.

காப்பிப் பயிர் நலிந்து ரப்பர் தலையெடுத்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு, ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பொழுது பெரட்டு என்னும் ஆட்கணக்கெடுப்புக் களத்தில்தான் விடிந்தது. இருட்டு விலகுமுன் தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஜனங்கள் வரிசையில் நிற்க, விளக்கொளியில் பெயர்கள் கூப்பிடப்படும். இன்னாருக்கு இன்ன மரநிரை என்று மேற்பார்வையாளரான மண்டோர் பிரித்துக் கொடுப்பார். தோட்டக் கணக்கரான கிராணியின் கையிலுள்ள நீண்ட புத்தகத்தில், இடப்புறம் பெயரும் அதன் எதிரே மாதத்தின் 31 நாட்களுக்கும் கட்டங்களுமாக, வந்தவருக்கு ஒரு குறி விழும். கூலி அந்தக் குறியைப் பொறுத்தது. வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவென்று கங்காணிக்குக் கிடைத்த தலைக்காசும் அதையே பொறுத்தது. நடுப்பகலில் காண்டாவாளியில் வந்து சேரும் பாலை ஸ்டோரில் நிறுத்து, மெட்ரோலாக் என்ற மிதவைமானியை மிதக்கவிட்டு ரப்பரின் அளவைக் கணித்து எழுதிய கணக்கும் பின்னர் அதே பெயருக்கு நேரே வந்து சேர்ந்தது.

கட்டங்களில் குறியிட்ட இப்புத்தகத்தை நினைக்கும்போதெல்லாம், பழைய கணிப்பொறிகளுக்கு நிரலைத் துளைகளாக ஏற்றிய துளையட்டை எனக்கு ஞாபகத்துக்கு வருகிறது. 1963 ஆம் ஆண்டில் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐபிஎம் 1620 என்ற கணிப்பொறி வந்து, வி. ராஜாராமன் முதலிய ஆசிரியர்கள் மாணாக்கர்களுக்கு ஃபோர்ட்ரான் நிரல்மொழியைக் கற்பிக்கத் தொடங்கினர். மலேசியாவுக்கு முதற்கணிப்பொறி வந்தது 1966 இல், தேசிய மின்வாரியத்துக்கு. 80 பத்திகள் கொண்ட ஓர் அட்டையில் நிரலின் ஒரு வரி மாத்திரமே அடங்கும். அந்நாளைய கணினிக்கூடங்கள் பலவற்றில் மாணவன் பொறியருகே செல்லவும் இயலாது. அட்டைக்கட்டை ஒப்படைத்துவிட்டு மறுநாள் வரை காத்திருப்பான். ஒரு காற்புள்ளி பிசகியிருந்தால் அன்றைய நாள் வீண். ஆகையால் பாய்வுப்படம் வரைந்து, விடையைக் கையால் கணித்துப் பார்த்து, ஐயமெல்லாம் தீர்ந்தபின்பே அட்டையில் துளையிட்டார்கள். திட்டமிடுதல் என்பது பொறியின் அருமையால் நேர்ந்த கட்டாயமாக இருந்தது.

இன்று பொறி மலிந்துவிட்டது. அந்தச் சிரத்தை குறைந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

செக்ரோலைக் கணினியில் ஏற்ற எண்ணும் மாணவன் ஒருவன், நிரலில் முதல் வரியை எழுதுமுன் தீர்க்கவேண்டிய கேள்விகளைப் பாருங்கள். வெற்றுக் கட்டத்துக்குப் பொருள் என்ன? அன்று மழையால் பாலெடுக்க மரம் வெட்டவில்லையா, காய்ச்சலா, பிரசவமா? ஒரே முனியம்மாவை ஒரு கிராணி ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும் அடுத்தவர் வேறுவிதமாகவும் பதிந்திருந்தால், அவர் ஒருவரா இருவரா? பக்கத்துத் தோட்டத்துப் புத்தகத்திலும் அதே பெயர் தோன்றினால், குடும்பம் இடம் பெயர்ந்ததா? இவற்றுக்கு விடை எந்தக் கணினிப் பாடநூலிலும் கிடையாது. பெரட்டில் நின்ற ஒரு பாட்டியிடமோ, பெயர் கூப்பிட்ட ஒரு மண்டோரிடமோ உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிக் கேட்பதற்கு ஒரு பருவத்தில் பாதி போனாலும் அது தகும்.

தமிழைக் கணினியில் எழுதும் பிரயத்தனத்தில் மலேசியா பின்தங்கியதில்லை. முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தந்த நாடு இது. 2001 இல் தமிழ் இணைய மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திய நாடு இது. ஆதலால் செக்ரோலிலுள்ள பெயர்களைத் தமிழிலேயே பதிந்து வைக்க இன்று தடையொன்றுமில்லை.

தடை வேறிடத்தில் இருக்கிறது. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. எஞ்சிய ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. காரியாலயங்கள் இடிந்தபோது அலமாரிகளைப் பற்றிக் கவலைப்பட்டவர் சிலரே. உங்கள் வீட்டுப் பரணிலோ, காலஞ்சென்ற ஒரு கிராணியின் பெட்டியிலோ அத்தகைய புத்தகம் ஒன்று கிடக்குமானால், கரையான் தின்னுமுன் அதை எடுத்து, கணினி படிக்கும் ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள். குறிகளின் பொருள் தெரிந்த முதியவர் ஒருவரையும் அவன் அருகில் உட்கார வையுங்கள்.