மங்கிய லென்ஸிலிருந்து மொட்டைமாடிக்கு

கேரளத்தின் கொல்லங்கோட்டில் மார்ச் மாத உச்சிவெயிலில் மாடியிலுள்ள சோலார் பேனலைத் தொட்டால் கை சுடும். பேனலின் திறனை 25 டிகிரியில்தான் அளந்து எழுதுகிறார்கள். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் சுமார் 0.4 சதவீதத் திறனை இழக்கும். 65 டிகிரியில் மூன்று கிலோவாட் இரண்டரையாகச் சுருங்கிவிடும். மின்சாரமாக மாறாமல் சூட்டை மட்டும் ஏற்றும் கதிர்களை மேலேயே திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு இதற்கு ஒரு மருந்து. அந்தப் பூச்சின் பூர்வீகமோ தொலைநோக்கி!

1892இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் தொலைநோக்கி லென்ஸ் வடிவமைத்துக்கொண்டிருந்த டென்னிஸ் டெய்லர் ஒரு விந்தையைக் கவனித்தார். பழசாகி மங்கிய லென்ஸ், புதியதைவிடக் கூடுதல் ஒளியை உள்ளே விட்டது. காலம் செய்ததை அமிலத்தால் செய்யப் பார்த்தார். ஒருமுறை வந்த பலன் மறுமுறை வரவில்லை. 1935இல் ஜெர்மனியின் ட்சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா, வெற்றிடத்தில் ஆவியாக்கிய பொருளை லென்ஸின் மேல் படியவைத்து அதைச் சாதித்தார். ஜெர்மானிய ராணுவம் அதை ரகசியமாகப் பொத்திவைத்தது. ஒற்றைப் படலம் ஒளியை உள்ளே விடும். பல படலங்களை அளந்து அடுக்கினால், வேண்டிய நிறத்தை விட்டு வேண்டாததைத் திருப்பவும் செய்யும்.

அந்த வித்தை விண்வெளியில் கைகொடுத்தது. 1958இல் வான்கார்ட்-1 செயற்கைக்கோள் சோலார் செல்களோடு பறந்தது. அங்கே சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்று கிடையாது. செல்மேல் கண்ணாடியை ஒட்டிய பசையோ புற ஊதாக் கதிர் பட்டுக் கறுக்கும். அதனால் பின்வந்த செயற்கைக்கோள்களின் கண்ணாடியில் புற ஊதாவைத் திருப்பும் படலங்களைப் பூசினார்கள். பசையும் பிழைத்தது, சூடும் குறைந்தது.

அடுத்த திருப்பத்துக்கு ஒரு பழைய இந்தியத் தொழில் துணை. 18ஆம் நூற்றாண்டில் அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில் மண்தட்டுகளில் நீர் வைத்து ஐஸ் எடுத்ததை ராபர்ட் பார்க்கர் 1775இல் எழுதியிருக்கிறார். தெளிந்த வானத்துக்கு நீர் தன் சூட்டை வீசிவிடுவதே சூட்சுமம். 2014இல் ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்வத் ராமனும் ஷான்ஹுய் ஃபானும் அடுக்குப் படலம் ஒன்றால் பட்டப்பகலிலேயே இதை நடத்திக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு, நுண்குழிகள் கொண்ட சிலிக்கா மூடி ஒன்று வெறும் சிலிக்கானை 13 டிகிரி வரை குளிர்வித்தது.

கடைப் பேனல்களில் அத்தனை பலன் கிடைக்காது. அவற்றின் கண்ணாடியே சூட்டை நன்றாக வீசிவிடுகிறது. கேரளத்தின் ஈரக்காற்று, சூடு வானத்துக்குப் போகும் வாசலைப் பாதி அடைத்தும் விடுகிறது. ஆகவே பேனல்மேல் நீங்களாக எதையும் பூசாதீர்கள். மாடித்தளத்துக்கு வெள்ளையடியுங்கள். பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று தாராளமாகப் புகுந்து வர இடம் விடச் சொல்லி, பொருத்த வருபவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.