அப்பத்தாவின் ரங்கூன் போட்டோ

இன்னைக்கு ஒரே ஒரு போட்டோவைப் பத்திப் பேசலாம். ரங்கூன்ல ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. எங்க அப்பத்தா, பக்கத்துல தாத்தா. அப்பத்தா காதுல தோடு, கை நிறைய வளையல். நான் பார்த்த அப்பத்தாவுக்கு ரெண்டுமே கிடையாது. நடுவுல என்ன நடந்தது?

1962-ல் பர்மாவில் நே வின்னின் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகள் அரசுடைமை ஆச்சு. அதே வருஷம் மே மாசம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதுன்னு அறிவிச்சாங்க. சேர்த்ததை எல்லாம் விட்டுட்டு லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊர் திரும்பினாங்க. சென்னை பர்மா பஜார் அவங்க பிழைப்புக்காக வந்ததுதான்.

அப்பத்தா கப்பல் ஏறும்போது நகை துறைமுகத்தோட போச்சு. போட்டோ மட்டும் சேலை மடிப்புக்குள்ள வந்துச்சு. தாத்தா அங்கேயே இறந்திருந்தார்.

தோட்டைப் பத்தி நான் கேட்டப்போ அப்பத்தா சொன்னது: "அது கிடக்கட்டும்டா, உங்க தாத்தா முகம் வந்து சேர்ந்துச்சே."