அண்டை நிலமும் உள்நாட்டு வணிகமும்: பேராக் தரும் சான்று

மாநில வரலாற்றை மாநில எல்லைக்குள்ளேயே வைத்துக் காண்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஈப்போ, சிலிபின் வட்டாரத் தமிழர் வரலாறும் பெரும்பாலும் தோட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. தோட்டத்திற்குள் வந்த அரிசி எவ்வழி வந்தது என்னும் வினாவை எழுப்பினால், விடை அண்டை நிலங்களில் கிடைக்கிறது. நாட்டின் உள்வணிகம் ஓடும் திசையை அண்டை நிலங்களே பெரிதும் வகுக்கின்றன என்பதைப் பேராக்கின் வழி நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கில் பிரிட்டிஷ் ஆலோசகர் ஆட்சிமுறை ஏற்பட்டது. ஆயினும், அதன் வணிக வாயிலாக விளங்கிய பினாங்கு, நீரிணைக் குடியேற்றங்களைச் சார்ந்த வேறோர் ஆட்சிப்பகுதி, தீர்வையற்ற துறைமுகம். 1885இல் திறக்கப்பட்ட மலாயாவின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கைப் போர்ட் வெல்ட் துறையுடன் (இன்றைய கோலா செபெத்தாங்) இணைத்தது. 1895இல் ஈப்போவை எட்டிய பாதையும் தெலுக் ஆன்சன் துறையிலிருந்தே (இன்றைய தெலுக் இந்தான்) வந்தது. மாநிலத்தின் ஊர்களைத் தம்முள் இணைப்பதற்கு முன்னரே ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு சேர்க்கும் வழிகள் அமைந்தன என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அரசின் வரிக்கொள்கையும் இப்போக்கை உறுதிப்படுத்தியது. ஈயத் தாதுவை வாங்கித் தம் நாட்டில் உருக்க அமெரிக்கர் முயன்றபோது, ஐக்கிய மலாய் மாநிலங்களின் அரசு 1903இல் கடும் ஏற்றுமதித் தீர்வை விதித்தது. நீரிணைக் குடியேற்றங்களில் உருக்கப்படும் தாதுவுக்கு அத்தீர்வை இல்லை. கிந்தாவின் தாது எங்குச் செல்ல வேண்டும் என்பதைச் சுரங்க உரிமையாளரின் விருப்பம் மட்டும் முடிவு செய்யவில்லை.

ஈயமும் ரப்பரும் வெளியேறிய வழிகளிலேயே உணவு உள்ளே வந்தது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து பெற்றது. ஜப்பானியர் ஆட்சியில் இவ்வரத்து பெரிதும் குன்றியது. 1943 அக்டோபரில், பேராக்கின் வடக்கே அமைந்த நெல் விளையும் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவற்றுடன் சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. நேற்றைய உள்நாட்டு நெற்களம் இன்று அயல்நாடாயிற்று. தோட்ட மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு வாழ நேர்ந்தது. அதே காலத்தில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் - பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பெருந்தொகையினர் மாண்டனர். அரிசி வந்த திசைக்கே மனிதர் அனுப்பப்பட்டனர்.

எனவே, மரவள்ளிக்கிழங்கைப் பற்றி முதியோர் கூறும் நினைவுகளைத் தனி மனிதரின் துயரக் கதைகளாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. எல்லைக் கோடு மாறியதால் வணிக வழி முறிந்தமைக்கு அவை சான்றுகளாகும். தோட்ட வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பேராக்கின் வரைபடத்தோடு பினாங்கு, கெடா, சயாம், பர்மா ஆகியவற்றின் வரைபடங்களையும் மாணவர்முன் ஒருங்கே விரித்தல் வேண்டும் என்பது நம் கருத்தாகும்.