சத்தியத்தின் தைரியமும் நாவன்மையும்

'பர்ரேசியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'அனைத்தையும் சொல்லுதல்' என்பது நேர்ப்பொருள். கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் ஒளிவுமறைவின்றிப் பேசுதல் குடிமகனின் உரிமையாகக் கருதப்பட்டது. அடிமைக்கு அவ்வுரிமை இல்லை. அதே நகரில் சோஃபிஸ்டுகள், கேட்போரை இசையச் செய்யும் நாவன்மைக் கலையைக் கட்டணம் பெற்றுக் கற்பித்தனர். இவ்விரண்டிற்கும் இடையே எழுந்த வழக்கு நம் பிரசங்க பீடத்தையும் சார்ந்ததாகும்.

'கோர்கியாஸ்' என்னும் உரையாடலில் பிளேட்டோ, நாவன்மையைச் சமையற் கலைக்கு ஒப்பிடுகிறார். குழந்தைகள் நீதிபதிகளாக அமர்ந்திருக்க, சமையற்காரன் மருத்துவன்மீது குற்றஞ்சாட்டினால், கசப்பு மருந்து கொடுத்தவன் என்ன மறுமொழி கூற இயலும்? தமக்கும் இக்கதியே நேரும் என்கிறார் சாக்ரட்டீஸ். கி.மு. 399இல் அவ்வாறே நேர்ந்தது. தம் பிள்ளைகளை மன்றத்தில் நிறுத்தி இரக்கம் வேண்ட அவர் மறுத்தார். முப்பது வாக்குகள் மாறியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும் என்று அவரே கூறியதாகப் பிளேட்டோ எழுதுகிறார்.

அப்போஸ்தலர் நடபடிகளிலும் இச்சொல் வருகிறது. நம் வேதாகமம் அதைத் 'தைரியம்' என்று பெயர்த்துள்ளது. ஏதென்ஸில் குடிமகனுக்குரியதாயிருந்த உரிமை, கல்லாதவர் எனப்பட்ட பேதுருவுக்கும் யோவானுக்கும் ஆவியானவரின் ஈவாக வருகிறது (4:13, 31). 24ஆம் அதிகாரத்தில் தெர்த்துல்லு என்னும் நியாயசாதுரியன், தேசாதிபதி பேலிக்ஸைப் புகழ்ந்து தன் வாதத்தைத் தொடங்குகிறான். அதே பேலிக்ஸ் கொடுமையாக ஆண்டவன் என்பது தாசித்துவின் கூற்று. பவுலும் மரியாதையோடுதான் தொடங்குகிறார். ஆனால் பின்னர் அவனிடமே நீதியையும் இச்சையடக்கத்தையும் வரப்போகும் நியாயத்தீர்ப்பையும் குறித்துப் பேசுகிறார். பேலிக்ஸ் பயமடைந்தான், பணத்தையும் எதிர்பார்த்தான். பவுல் ஈராண்டுகள் காவலிலேயே இருந்தார்.

அவ்வாறாயின் நாவன்மை பாவமோ? 384இல் மிலானில் அக்கலையின் ஆசிரியராகப் பணியேற்ற அகுஸ்தீன், பேரரசனைப் போற்றிப் பொய்யுரை இயற்றியதைப் பின்னர் அறிக்கையிட்டார். 386இல் அப்பதவியைத் துறந்தார். எனினும், கிறிஸ்தவப் போதனையைக் குறித்த தம் நூலின் நான்காம் பகுதியில், பொய்யர் இக்கலையைக் கையாளுகையில் சத்தியத்தின் ஊழியர் நிராயுதராய் நிற்கலாகாது என்று வாதிட்டார். கலையையன்று, அது யாருக்குப் பணிபுரிகிறது என்பதையே அவர் நோக்கினார்.

எனவே அழகிய நடையைக் குறித்து நாம் அஞ்ச வேண்டியதில்லை. நாம் ஆராய வேண்டியவை வேறு: நாம் நம்புவதையே பேசுகிறோமா? காணிக்கை குறையும், பதவி தவறும் என்றஞ்சி எதைச் சொல்லாமல் விட்டோம்? சபையின் செல்வர் முன்னிலையில் நீதியைப் பற்றிப் பேசும்போது, நாம் தெர்த்துல்லுவின் இடத்தில் நிற்கிறோமா, பவுலின் இடத்தில் நிற்கிறோமா என்பது வெளிப்படும்.