கீழ்ப்பாக்கத்திலிருந்து கணினித் திரைக்கு

நண்பனைக் கேலி செய்ய ‘உன்னைக் கீழ்ப்பாக்கத்தில்தான் சேர்க்க வேண்டும்’ என்று சொல்லாமல் பள்ளிப் பருவத்தைக் கடந்த தமிழர் குறைவு. ஓர் ஊர்ப்பெயரே வசைச்சொல் ஆகும் அளவுக்கு அந்த மருத்துவமனை நம் நாவில் ஊறியிருக்கிறது. அதன் வேர் 1794இல் இருக்கிறது. வாலன்டைன் கொனோலி என்ற கம்பெனி மருத்துவர் சென்னையில் தொடங்கிய காப்பகம், 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. சிகிச்சை என்று சொல்லத்தக்க எதுவும் உலகில் எங்கும் இல்லாத காலம். சுவரும் பூட்டும்தான் மருந்து.

அங்கே அடைபட்டவர்களில் பலருக்கு இருந்திருக்கக்கூடிய நோயைத்தான் இன்று மனச்சிதைவு என்கிறோம். ‘ஸ்கிசோஃப்ரெனியா’ என்ற பெயரை 1908இல் சுவிட்சர்லாந்தின் ஓய்கன் புளூலர் வைத்தார். அவருக்கு முன்பே ஜெர்மனியின் எமில் கிரேப்பலின் இந்நோயாளிகளின் கவனம் சிதறுவதைக் குறித்து வைத்திருந்தார். ஆனால் குரல்கள் கேட்பதும், யாரோ துரத்துவதாக அஞ்சுவதும் கண்ணுக்குத் தெரிகிற கூத்து. கவனக் குறைவோ சத்தமில்லாதது. மருத்துவம் கூத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

1952இல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். குரல்கள் அடங்கின, பூட்டுகள் திறந்தன. ஆனால் வீடு திரும்பிய பலர் வேலைக்குப் போகவில்லை, போனாலும் நிலைக்கவில்லை. ‘அதான் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன சோம்பல்?’ என்று வீடு கேட்டது. இந்தக் கேள்வி எத்தனை அண்ணன் தம்பிகளை, எத்தனை கணவன் மனைவியரைப் பிரித்திருக்கும் என்பதற்குக் கணக்கில்லை.

பதில் சோம்பலில் இல்லை. ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் மூன்று வேலைகளை வரிசையாகச் சொல்கிறார். மூன்றாவதைக் கேட்கும்போது முதலாவது மனத்திலிருந்து நழுவிவிடுகிறது. பக்கத்தில் ஓடும் ஃபோர்க்லிஃப்டின் ஓசையை ஒதுக்கிவிட்டு அவர் குரலை மட்டும் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. கவனம், செயல்நினைவு, திட்டமிடல் என்று பிரித்துச் சொல்லப்படும் இத்திறன்களை அன்றைய மாத்திரைகள் பெரிதாக மீட்டுத் தரவில்லை. இன்றைய மாத்திரைகளும் அப்படித்தான். ஒருவர் வேலையிலும் உறவிலும் நிலைப்பாரா என்பதோடு இத்திறன்களுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் மைக்கேல் கிரீன் எழுதிய கட்டுரை அழுத்தமாகச் சொன்னது.

பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் அதற்கும் முந்தையது. 1973இல் மைக்கன்பாமும் கேமரனும் நோயாளிகளுக்குத் தமக்குத்தாமே பேசிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். ‘இப்போது என்ன செய்ய வேண்டும்? மெதுவாகச் செய். சரி, அடுத்தது என்ன?’ என்கிற மாதிரியான பேச்சு. தனக்குத்தானே பேசுவதைப் பித்தின் அடையாளம் என்று நம்பும் நமக்கு, அதையே மருந்தாக்கிய இந்தச் செயல் வியப்பாக இருக்கும்.

1980களில் வீட்டுக் கணினி வந்தது. தலையில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையங்கள் அதை முதலில் பிடித்துக்கொண்டன. மனநல மருத்துவம் பின்னால் வந்தது. நியூயார்க்கில் ஆலிஸ் மெடாலியா, பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சந்தையில் விற்ற கல்வி விளையாட்டுகளையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். பிறகு இதற்கென்றே மென்பொருள்கள் எழுதப்பட்டன. மென்பொருள் துறையில் இருபது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உள்ளே பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஐந்துக்கு நான்கு விடைகள் சரியாக வரும் அளவில் கடினத்தை நிறுத்தி வைக்கிறது. திறன் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. தவறினால் முகம் சுளிப்பதில்லை. வாழ்நாள் முழுக்கச் சுளித்த முகங்களையே பார்த்த ஒருவருக்கு இது சிறிய காரியமல்ல.

பயன் உண்டா? லண்டனின் டில் வைக்ஸும் அவர் குழுவினரும் 2011இல் 40 ஆய்வுகளை, 2,104 பேரின் தரவுகளை, ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். முன்னேற்றம் உண்டு; ஆனால் அது மிதமானதே. பயிற்சி தொழில் மறுவாழ்வோடு சேர்ந்து வரும்போதுதான் அன்றாட வாழ்க்கையில் பலன் கூடுகிறது. திரையில் மட்டும் வென்றவர் திரையிலேயே வென்றவராக நின்றுவிடக்கூடும். சந்தைக்கு இந்த நிதானம் இல்லை. பொதுமக்களுக்கு மூளை விளையாட்டு விற்ற லூமோசிட்டி நிறுவனம், ஆதாரமற்ற விளம்பரங்களுக்காக 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது.

வேலை இல்லாமல் மீட்சி இல்லை என்பது சென்னைக்குப் புதிதல்ல. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்க மருத்துவமனைக்குத் தலைமை வகித்தவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். மாத்திரையோடு நிற்காமல் நோயாளிகளைத் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் திருப்ப முயன்றார். 1984இல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு அந்தப் பணியைத் தொடர்ந்தது. மருத்துவர் தாராவும் சக ஆய்வாளர்களும் 90 நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த சென்னை ஆய்வு உலக அளவில் மேற்கோள் காட்டப்படுவது. புதுக்கோட்டைக் கிராமங்களுக்குள் பேருந்தை அனுப்பி, அதனுள்ளிருந்தே சென்னை மருத்துவரிடம் காணொளியில் பேசவைத்ததும் அவர்களே.

பெங்களூரு நிமான்ஸ் வேறொரு வழியைக் காட்டியது. தலைக்காயம் பட்டவர்களுக்காக அங்கே உருவான பயிற்சிகளில் ஒன்று, கலந்து வைத்த தானியங்களைப் பிரித்தெடுப்பது. முறத்தில் கல் பொறுக்கிய நம் பாட்டிமாருக்கு இதை ஆய்வகப் பயிற்சி என்றால் சிரிப்பார்கள்; ஆனால் நீடித்த கவனத்துக்கு அதைவிட மலிவான கருவி ஏது? 2012இல் வெளியான நிமான்ஸ் ஆய்வொன்றில், முதன்முறை நோய் கண்ட 45 பேரில் ஒரு பாதியினருக்கு இரண்டு மாதம் வீட்டிலேயே, குடும்பத்தாரின் துணையோடு பயிற்சி தரப்பட்டது. கவனத்தைப் பகிர்வதிலும் திட்டமிடுவதிலும் அவர்கள் முன்னேறினார்கள். சோம்பேறி என்று திட்டிய அதே வீடு பயிற்சிக்கூடம் ஆகலாம் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய செய்தி.

அஜ்மானிலும் ஷார்ஜாவிலும் நான் சந்திக்கும் ராமநாதபுரத்துக்காரர்களுக்கு ஏர்வாடியை விளக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சட்டங்கள் மாறின. அமீரகத்திலும் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023இல் புதிய மனநலச் சட்டம் வந்தது. மருத்துவக் குழுவின் அறிக்கையின்றி நோயைக் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது அது. ஆனால் விசாவே வேலையில் தொங்கும் ஊரில், நோய் கண்டவர் பெரும்பாலும் அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பப்படுகிறார். குரல்கள் அடங்கிய பின்னும் திரும்பி வருவதில்லை.

அவர் போய்ச் சேரும் வீட்டில் இன்று கைப்பேசி இருக்கிறது, இணையம் இருக்கிறது. ஆனால் பயிற்சி மென்பொருள்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், மேலைநாட்டு அங்காடியையும் சமையலறையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மளிகைப் பட்டியலை நினைவில் வைப்பது, 12பி பேருந்தைப் பிடிப்பது, மீதிச் சில்லறை எண்ணுவது என்று தமிழில் எழுதப்பட்ட ஒன்று அவருக்கு வேண்டும். அதை எழுதத் தெரிந்த தமிழர்கள் துபாயிலிருந்து டொராண்டோ வரை இருக்கிறோம். மருத்துவர்கள் பக்கத்தில் அமர்ந்து வழிகாட்ட வேண்டும்; பயிற்சி முடிகிற இடத்தில் ஒரு வேலையும் காத்திருக்க வேண்டும். முதல் இரண்டும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மூன்றாவது, நம்மில் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களின் கையில் இருக்கிறது.