சீர்வேகக் கட்டுப்பாட்டுக் கருவி

சீர்வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அல்லது குரூஸ் கன்ட்ரோல் என்பது, ஓட்டுநர் தெரிவு செய்த வேகத்தில் ஒரு மோட்டார் வாகனத்தைத் தொடர்ந்து செலுத்த உதவும் அமைப்பு ஆகும். ஓட்டுநர் முடுக்கு மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாலும், எந்திரத்துக்குச் செல்லும் எரிபொருளின் அளவை இக்கருவி தானாகவே கூட்டியும் குறைத்தும் வேகத்தை நிலைநிறுத்துகிறது. பிரேக் மிதியைத் தொட்ட உடனே இது செயலிழந்து கட்டுப்பாட்டை ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தொழிற்சாலையில் இவ்வசதி இன்றி வெளிவந்த பழைய வாகனங்களிலும் இதனைப் பின்னர் பொருத்த இயலும். அவ்வாறு பொருத்துவதில் பெரும்பகுதி வேலை, வாகனத்தில் ஏற்கனவே உள்ள மின்கம்பிகளை இனங்காண்பதே ஆகும்.

இதனை வேகக் கட்டுப்படுத்தி எனப்படும் ஸ்பீடு கவர்னருடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வாகனம் ஒரு வரம்புக்கு மேல் செல்லாமல் தடுப்பது. வேகத்தைத் தானாகத் தக்கவைப்பது அதன் வேலையன்று.

வரலாறு

எந்திரம் ஒன்றின் வேகத்தைத் தானே சீராக வைத்திருக்கும் எண்ணம் பழையது. ஜேம்ஸ் வாட் 1788 இல் நீராவி எந்திரத்தில் சுழலும் குண்டுகள் கொண்ட ஆளியைப் பயன்படுத்தினார். மோட்டார் வாகனத்துக்குரிய இன்றைய கருவியின் மூலவர் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் ஆவார். 1890 இல் பிறந்த இவர் ஐந்து வயதில் நேர்ந்த விபத்தினால் பார்வையை இழந்தவர். இவரது வழக்கறிஞர் கார் ஓட்டும்போது பேசினால் வேகத்தைக் குறைப்பதும், கேட்டால் கூட்டுவதுமாக இருந்தாராம். அந்தக் குலுக்கலில் சலிப்புற்றே டீட்டர் இக்கருவியைச் சிந்தித்தார் எனச் சொல்லப்படுகிறது. தாம் ஒருபோதும் ஓட்டமுடியாத வண்டிக்கு அவர் செய்த கருவிக்கு 1950 இல் காப்புரிமை வழங்கப்பட்டது. கிறைஸ்லர் நிறுவனம் தனது 1958 ஆம் ஆண்டு கார்களில் இதனை முதலில் அளித்தது. குரூஸ் கன்ட்ரோல் என்ற பெயர் காடிலாக் நிறுவனம் சூட்டியது.

செயற்பாடு

இக்கருவியில் வேக உணரி, கட்டுப்பாட்டு அலகு, எரிபொருள் வாயிலை அசைக்கும் இயக்கி, ஓட்டுநர் பயன்படுத்தும் பொத்தான்கள் என நான்கு உறுப்புகள் உண்டு. உணரி அனுப்பும் துடிப்புகளை அலகு எண்ணி, நினைவில் வைத்த வேகத்தோடு ஒப்பிடுகிறது. மேட்டில் ஏறும்போது துடிப்புகள் குறைந்தால் வாயிலைச் சற்றுத் திறக்கிறது, இறக்கத்தில் மூடுகிறது.

பழைய வாகனங்களில் பெரும்பாலும் வெற்றிடத்தால் இயங்கும் இயக்கியே பொருத்தப்பட்டது. ரப்பர் தகடு கொண்ட ஒரு குடுவையிலிருந்து காற்று உறிஞ்சப்படும்போது, தகடு பின்வாங்கி, முடுக்குக் கம்பியை இழுக்கிறது. பெட்ரோல் எந்திரத்தின் உள்ளெடுப்புக் குழாயிலிருந்தே இவ்வெற்றிடம் கிடைக்கும். இதில் ஒரு முரண் உண்டு. மேட்டில் ஏற வாயில் அகலத் திறக்கையில் குழாயில் வெற்றிடம் குறைந்துவிடுகிறது. அதாவது கருவிக்கு வலு மிகத் தேவைப்படும் நேரத்தில்தான் அது கிடைப்பதில்லை. வெற்றிடத்தைச் சேமிக்கும் ஒரு கலன் இக்குறையை ஓரளவு போக்கும். மின்மோட்டாரால் இயங்கும் இயக்கிகளுக்கு இச்சிக்கல் இல்லை.

டீசல் வாகனங்களில் உள்ளெடுப்புக் குழாயில் போதிய வெற்றிடம் உருவாவதில்லை. ஆகவே பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தைத் தனி எக்கி ஒன்று உண்டாக்குகிறது. பல டீசல் வாகனங்களில் இது ஆல்டர்னேட்டரின் பின்புறம் இணைந்திருக்கும். அதே குழாயில் சீர்வேகக் கருவியையும் இணைப்பவர்கள் ஒருவழி அடைப்பிதழ் வைக்காமல் விட்டால், கருவியின் குழாயில் ஏற்படும் சிறு கசிவும் பிரேக்கின் வலுவைக் குறைத்துவிடும். இத்தகைய வாகனங்களுக்கு மின்மோட்டார் வகையே ஏற்றது.

பழைய வாகனத்தில் பொருத்துதல்

முதலில் அறியவேண்டியது, முடுக்கு மிதிக்கும் எந்திரத்துக்கும் இடையே இருப்பது இரும்புக் கம்பியா மின்கம்பியா என்பதாகும். கார்புரேட்டர் கொண்ட கார்களிலும் பழைய டீசல் ஜீப்களிலும் இரும்புக் கம்பியோ நெம்புகோலோ இருக்கும். இவற்றில் இயக்கியின் கம்பியை முடுக்குக் கம்பியுடன் இணைக்கும்போது சிறிது தளர்ச்சி விடவேண்டும். இறுக்கமாகக் கட்டினால் வாயில் முழுவதும் மூடாது.

மின்னணு முடுக்கு மிதி உள்ள வாகனங்களில் வேலை எளிது. மிதியின் இணைப்பானுக்கும் வாகனத்தின் கம்பிக் கற்றைக்கும் இடையே ஒரு சிறு பெட்டி செருகப்படுகிறது. மிதி அழுத்தப்பட்டது போன்ற மின்னழுத்தத்தை அப்பெட்டி எந்திரக் கணினிக்கு அனுப்புகிறது. மிதியில் இரண்டு உணரிகள் இருப்பது வழக்கம். பல வாகனங்களில் ஒன்றின் மின்னழுத்தம் மற்றதில் பாதியாக இருக்கும். இவ்விகிதம் பிசகினால் கணினி பழுதெனக் கருதி எந்திரத்தின் வலுவைக் குறைத்துவிடும்.

வேகத்தை அளக்க, வாகனத்தில் ஏற்கனவே மின்னணு வேக உணரி இருப்பின் அதன் குறிகைக் கம்பியிலிருந்து கிளை எடுக்கலாம். கம்பிச் சுருளால் சுழலும் வேகமானி உள்ள வண்டிகளில் உந்துத் தண்டில் காந்தமொன்றைக் கட்டி, அருகே சுருளொன்றை நிறுத்துவர். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 20 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் எனில் சக்கரம் விநாடிக்கு 10 முறை சுழலும். பின் அச்சின் பல்விகிதம் 4 எனில் தண்டு 40 முறை சுழன்று, ஒரு காந்தத்துக்கு 40 துடிப்புகள் கிடைக்கும். கருவியின் அளவுத்திருத்தம் இக்கணக்கைக் கொண்டே செய்யப்படுகிறது. பேருந்து, லாரி ஆகியவற்றின் மின்னமைப்பு பெரும்பாலும் 24 வோல்ட் ஆதலால் கார்களுக்கான 12 வோல்ட் கருவி அவற்றுக்குப் பொருந்தாது.

கியரைக் கையால் மாற்றும் வாகனங்களில் கிளட்ச் மிதிக்கும் ஒரு நிலைமாற்றி தேவை. அது இல்லாவிடில், கிளட்சை மிதித்ததும் சுமை நீங்கிய எந்திரம் திறந்த வாயிலுடன் கட்டுக்கடங்காமல் சுழலும்.

மின்கம்பிகளைத் தடமறிதல்

இப்பணிக்கு வாகனத்தின் மின்சுற்று வரைபடமும் பல்மானி எனப்படும் மல்டிமீட்டரும் தேவை. பட்டறைகளில் வழக்கமாகப் பயன்படும் சோதனை விளக்கைக் கணினி உள்ள வாகனங்களில் பயன்படுத்துவது நன்றன்று. அவ்விளக்கு எடுக்கும் மின்னோட்டம் மெல்லிய உணரிச் சுற்றுகளைக் கெடுக்கக்கூடும்.

கம்பியின் நிறத்தை மட்டும் நம்புவதே இதில் நேரும் பெரும்பிழை. பிரித்தானிய லூக்காஸ் முறையில் பழுப்பு நிறம் மின்கலத்திலிருந்து நேரே வரும் மின்சாரத்தையும், வெள்ளை சாவி வழியாக வருவதையும், பச்சை அதே மின்சாரம் பியூஸைக் கடந்த பின்னரும், கறுப்பு எர்த்தையும் குறிக்கும். ஜெர்மானியத் தரத்தில் பழுப்புதான் எர்த். கறுப்போ சாவி வழி வரும் மின்சாரத்துக்குரியது. ஒரு முறையில் பழகிய கை மற்றொரு வண்டியில் பழுப்புக் கம்பியை உடலோடு இணைத்தால் நேரடிக் குறுக்குச்சுற்று ஏற்படும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்து 2014 வரை தயாரான அம்பாசிடர் போன்ற வண்டிகளில் பிரித்தானிய மரபை எதிர்பார்க்கலாம். எனினும் முப்பது ஆண்டு ஓடிய வண்டியில், கைக்குக் கிடைத்த நிறத்தில் கம்பி மாற்றிய பட்டறைகளின் வரலாறும் சேர்ந்தே இருக்கும். (இம்மரபின் இந்திய வாரிசான லூக்காஸ் டி.வி.எஸ். 1961 இல் தொடங்கப்பட்டுச் சென்னை பாடியில் இயங்குவது. டி.வி.எஸ். குழுமத்தைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர்.)

பிரேக் விளக்கின் கம்பியே யாவற்றிலும் முதன்மையானது. பிரேக் நிலைமாற்றியிலிருந்து இரண்டு கம்பிகள் செல்லும். ஒன்றில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். விளக்குக்குச் செல்லும் மற்றதில் மிதியை அழுத்தினால் மட்டுமே 12 வோல்ட் தோன்றும். மிதியை விட்ட நிலையில் இரண்டாம் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள தடை ஓரிரு ஓம் அளவே காட்டும். காரணம், பின்விளக்கின் இழை வழியே அது எர்த்தை அடைகிறது. பின்னர் பொருத்தப்படும் கருவிகள் பலவும் இந்த இழையைக் கண்டால்தான் இயங்கும். இரு விளக்குகளும் எரிந்துபோனாலோ கம்பி அறுந்தாலோ அவை இயங்க மறுக்கும். இது பழுதன்று, பாதுகாப்பு. இழைவிளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குகள் போட்ட வண்டியில் கருவி வேலை செய்யாமைக்கும் இதுவே காரணம். அப்போது ரிலே ஒன்றைச் சேர்ப்பர்.

கருவிக்கான மின்சாரத்தைச் சாவியை அணைத்தால் நின்றுவிடும் கம்பியிலிருந்தே, தனி பியூஸ் வழியாக எடுக்கவேண்டும். இவ்விதியின் காரணத்தை ஃபோர்டு வாகனங்களின் வரலாறு காட்டுகிறது. சீர்வேகக் கருவியை நிறுத்துவதற்காகப் பிரேக் எண்ணெய்க் குழாயில் வைக்கப்பட்ட நிலைமாற்றி ஒன்று, பல வாகனங்களில் சாவி அணைந்த பின்னும் மின்கலத்தோடு இணைந்திருந்தது. அதனுள் எண்ணெய் கசிந்தபோது, ஓட்டாமல் நிறுத்திவைத்த வாகனங்களும் தீப்பற்றின. 1999 முதல் 2009 வரை படிப்படியாக 1.4 கோடிக்கும் மேற்பட்ட வாகனங்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

மின்சாரத்தை மட்டும் நம்பாமல், வெற்றிட வகைக் கருவிகளில் பிரேக் மிதியிலேயே காற்றை உள்ளே விடும் அடைப்பிதழ் ஒன்றும் வைக்கப்படுகிறது. மின்சுற்று முழுதும் பழுதானாலும் மிதி அசைந்தவுடன் வெற்றிடம் அழிந்து வாயில் மூடிவிடும். வேலையைச் சுருக்கும் பொருட்டு இதனை விட்டுவிடுவது தவறான சிக்கனம் ஆகும். காற்றுப்பைகளுக்குச் செல்லும் கம்பிகள் பொதுவாக மஞ்சள் உறையில் இருக்கும். அவற்றை அளக்கவோ வெட்டவோ கூடாது.

தாமிரபரணிப் பகுதி

ஏரல், தாமிரபரணியின் கரையில் அமைந்த பேரூராட்சி. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986 இல் பிரிக்கப்பட்ட தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. ஏரலைச் சுற்றிய ஆற்றோரச் சாலைகள் வயல்களுக்கும் வாழைத்தோட்டங்களுக்கும் நடுவே ஊர் ஊராக நுழைந்து செல்வன. ஆடும் மாடும் சைக்கிளும் குறுக்கிடும் இச்சாலைகளில் சீர்வேகக் கருவியால் பயனில்லை. அதனை இயக்குவது தீங்கும் ஆகும். திருநெல்வேலியிலிருந்து வல்லநாடு வழியாகத் தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலையிலும், மதுரை, கன்னியாகுமரி செல்லும் நெடுஞ்சாலையிலுமே அதற்கு இடமுண்டு. அங்கும் மழைக்காலத்தில் அணைத்துவைப்பதே முறை. நீர் தேங்கிய இடத்தில் சக்கரம் வழுக்கும்போது, காலை எடுத்தும் முடுக்கம் நிற்பதில்லை.

இப்பகுதி வாகனங்களில் மின்கம்பி வேலை செய்வோர் கருதவேண்டிய நிகழ்வு 2023 டிசம்பர் வெள்ளம். அம்மாதம் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி பெருக்கெடுத்து ஏரல் நீரில் மூழ்கியது. ஆற்றுப்பாலம் சேதமடைந்து போக்குவரத்து துண்டிக்கப்பட்டது. நீரில் நின்ற வாகனத்தின் எந்திரத்தைச் சரிசெய்து ஓட்டிவிடலாம். ஆனால் இணைப்பான்களுக்குள் புகுந்த சேற்றுநீர் செம்பைப் பச்சை பூக்கச் செய்து, மாதங்கள் கழித்தே தன் வேலையைக் காட்டும். உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் இது விரைவுபடும்.

எனவே வெள்ளத்தில் நின்ற வண்டியில் இக்கருவியைச் சேர்க்குமுன் எர்த் இணைப்புகளைச் சோதித்தல் வேண்டும். விளக்குகளை எரியவிட்டு, மின்கலத்தின் எதிர்முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே பல்மானியை வைத்தால், அது ஏறத்தாழ சுழி காட்டவேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பில் அரிப்பு உண்டென்று பொருள். அத்தகைய வண்டியில் பிரேக் விளக்கின் மின்சாரம் எர்த்தை அடைய வேறு வழி தேடி, கருவிக்குப் பொய்க் குறிகை அனுப்பக்கூடும். பிரேக் மிதித்தும் கருவி விடாமல் இருப்பது இத்தகைய பழுதின் கொடிய விளைவு.

சட்டநிலை

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதனை உறுதிசெய்தது. சீர்வேகக் கருவி சான்றிதழில் குறிக்கப்படும் விவரம் அன்று. எனினும் உத்தரவாதக் காலத்தில் உள்ள வாகனத்தின் கம்பிக் கற்றையை வெட்டினால் உத்தரவாதம் மறுக்கப்படலாம். ஆதலால் வெட்டாமல் செருகும் இணைப்பான்கள் விரும்பப்படுகின்றன.

வாடகை, சரக்கு வாகனங்களுக்கோ மறுபுறமான கட்டாயம் உண்டு. 2015 ஏப்ரலில் வந்த அறிவிக்கை, போக்குவரத்து வாகனங்களில் மணிக்கு 80 கிலோமீட்டர் வரம்புள்ள வேகக் கட்டுப்படுத்தியை வேண்டியது. பள்ளிப் பேருந்து, டேங்கர், டிப்பர் போன்றவற்றுக்கு இவ்வரம்பு 60 கிலோமீட்டர். இருசக்கர, மூன்றுசக்கர வாகனங்கள், தீயணைப்பு வண்டிகள், ஆம்புலன்சுகள் முதலியவற்றுக்கு விலக்கு உண்டு. வேகக் கட்டுப்படுத்தியும் அதே முடுக்குக் கம்பியையோ மிதிக் குறிகையையோ இடைமறிப்பதால், அது பொருத்திய வாகனத்தில் சீர்வேகக் கருவியைக் கட்டுப்படுத்திக்கு முன்பக்கமாக, அதாவது மிதியின் பக்கமாக, இணைக்கவேண்டும். பின்பக்கம் இணைத்தால் வேக வரம்பு செயலற்றுப் போகும்.