நியமன உறுப்பினர் முதல் பகுதி சபா வரை

நகராட்சி மன்றங்களில் நம்மவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து பேசத் தொடங்கி நூறாண்டுகளே ஆகின்றன. 1920ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் மாவட்ட நகராட்சிச் சட்டமும் உள்ளாட்சி மன்றச் சட்டமும் இயற்றப்பட்டபோது, வாக்குரிமை சொத்தும் வரியும் உடையோர்க்கே பெரிதும் உரியதாக இருந்தது. நிலமற்ற நம் முன்னோர்க்குத் தேர்தல் என்னும் பெருவாயில் அடைபட்டே கிடந்தது. அரசு நியமிக்கும் உறுப்பினர் என்ற சிறுவாயில் ஒன்றே திறந்திருந்தது.

நியமன உறுப்பினர் என்றாலே அரசுக்குத் தலையாட்டியவர் என்று இக்கால இளைஞர் சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அதனை என்னால் ஏற்க இயலவில்லை. 1923ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டவர்தாம் இரட்டைமலை சீனிவாசன். பொதுச்சாலையில் நடக்கவும், பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும், பொது அலுவலகங்களுள் நுழையவும் எவர்க்கும் தடையில்லை என்ற தீர்மானம் 1924 ஆகஸ்டு 22ஆம் நாள் அவரது முயற்சியால் அம்மன்றத்தில் நிறைவேறியது. திருப்பூர் அன்று கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அம்மாவட்டத்திலிருந்து நியமன உறுப்பினராகச் சென்ற ஆர். வீரையன், அவ்வுரிமை உள்ளாட்சிச் சட்டத்திலேயே இடம்பெற வேண்டுமென வாதாடினார். அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி சட்டமன்றப் பணியோடு இரவுப் பள்ளிகளையும் நடத்தினார். கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் அவர் பெயரை விட்டுவிடுதல் தகாது. அரசு தந்த நாற்காலிதான். அமர்ந்தவர் பேசியதோ தம் மக்களுக்காக.

எனினும் ஏட்டில் எழுதிய தீர்மானம் தானே கிணற்றடிக்கு நடந்து செல்வதில்லை. இதற்கு மகாராட்டிரத்து மகாத் நகரைக் காட்டிலும் தெளிவான சான்று வேறில்லை. பொதுநீர்நிலைகள் யாவர்க்கும் உரியன என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. அதனைப் பின்பற்றி மகாத் நகராட்சி 1924 சனவரியில் சவுதார் குளத்தை எல்லோர்க்கும் திறந்துவிட்டதாக அறிவித்தது. மூன்றாண்டுகள் சென்றன. நம்மவர் ஒருவரும் அக்குளத்தில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் அணிவகுத்துச் சென்று அந்நீரைப் பருகிய பின்னரே அத்தீர்மானத்திற்கு உயிர் வந்தது. அதன்பின் நடந்ததைப் பலர் அறியார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அந்நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது! வழக்கு நீதிமன்றம் ஏறி, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில்தான் நமக்குச் சாதகமாக முடிந்தது. மன்றத்தினுள் நமக்கெனப் பேசுவோர் போதிய அளவில் இல்லாதபோது, கொடுத்த கையே எடுத்துக்கொள்ளும் என்பதை மகாத் மக்கள் பட்டறிந்தனர்.

விடுதலைக்குப் பின் நியமனம் போய் இடஒதுக்கீடு வந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் நம் மக்கள்தொகைக்கேற்ப இடங்களை உறுதி செய்தன. அவ்விடங்களும் விலையின்றிக் கிடைக்கவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், தலைவரானார் என்பதற்காகவே 1997 சூன் 30ஆம் நாள் உடன்வந்தோருடன் வெட்டிக் கொல்லப்பட்டார்.

அதே 74ஆம் திருத்தம், மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்றும் விதித்தது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் வர 2022ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. 2008இல் மாநகராட்சியாக உயர்ந்த நம் திருப்பூருக்கு 60 வார்டுகள் உள்ளன. புதிய விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்படும். பகுதிக்கு ஒருவர், அப்பகுதி வாக்காளராகவே இருப்பவர், மாமன்றத்தால் வார்டு குழுவுக்கு நியமிக்கப்படுவார். தலைவர் அவ்வார்டின் மாமன்ற உறுப்பினர். பகுதி சபாவிலோ அப்பகுதி வாக்காளர் அனைவரும் அமரலாம். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை ஆகியவற்றுள் எது முதலில் வேண்டும் என்று ஆலோசனை கூறுவதே இவற்றின் பணி. ஊதியம் பெறும் பதவியன்று. ஆணையிடும் அதிகாரமும் இல்லை. ஆயினும் வீரையன் காலத்து உறுப்பினர்க்கும் ஆணையிடும் அதிகாரம் எங்கிருந்தது?

நூறாண்டு கழித்து நியமனம் என்னும் சிறுவாயில் மீண்டும் திறந்துள்ளது. அதனுள் நுழையப்போவது யார் என்பதுதான் என் கவலை. நகரைத் தூய்மை செய்வோருட் பெரும்பாலோர் நம்மவர். எந்தச் சாக்கடை எங்கே அடைபடும் என்பதை அவர்களை விட நன்கறிந்தவர் எவருமிலர். பகுதி சபா கூட வேண்டிய நாட்களுள் அண்ணல் பிறந்த ஏப்ரல் 14 ஒன்று. அன்று விடுமுறை. செப்டம்பர் 15, டிசம்பர் 10 போன்றவை பெரும்பாலும் வேலைநாட்களாகவே வரும். பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் ஒரு பொழுது எழுந்துவந்தால் அப்பொழுதின் கூலி போய்விடும். கூட்டத்தை ஷிப்டு முடிந்த பின் மாலையில் வைக்குமாறு வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கேட்பதே நாம் செய்யத்தக்க முதற்செயல். வாடகை வீடு மாறியோர் தம் பெயர் எந்த வார்டுப் பட்டியலில் உள்ளது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனு எழுதும் ஆற்றல் நம் பிள்ளைகளுக்கு உண்டு. பள்ளியில் நாங்கள் கற்பித்ததே அது. கூட்டத்திற்குச் செல்லும் இளைஞர், தம் தெருவின் கோரிக்கை நடவடிக்கைப் புத்தகத்தில் தேதியுடன் எழுதப்பட்டதா என்பதைப் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிட்டு எழுந்து வருக.